குதிக்கக் கற்றுக்கொடுத்த நான்கு மாதங்கள்

கணினி விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுக்கிறவனை உலகத்தில் இரண்டு வகையினர் மதிப்பதில்லை: விளையாடத் தெரிந்தவர்கள், விளையாடத் தெரியாதவர்கள். முதல் வகையினர் "இவ்வளவுதானா?" என்பார்கள். இரண்டாம் வகையினர் "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில்கள் உண்டு. கேட்கத்தான் ஆளில்லை.

உங்களில் யாராவது வளர்ந்த மனிதர்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்திருந்தால், அது நீச்சலோ, தட்டச்சோ, கார் ஓட்டுவதோ, நீங்கள் என் இனம். குழந்தைக்கு ஒன்று தெரியாது என்றால் தெரியாது, அவ்வளவுதான். பெரியவருக்குத் தெரியாது என்றால், அந்த இடத்தில் அவருக்கு வேறொன்று தெரிந்திருக்கும். அதை நமக்குச் சொல்லாமல் விடமாட்டார்.

என் வகுப்பு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய பிள்ளைக்காம்பராவில் நடந்தது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. குழந்தைகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, சுவரில் வரைந்த வாத்துகளையும் முழங்கால் உயர மேசைகளையும் எங்களுக்கு விட்டுப்போயிருந்தார்கள். அந்த மேசைகளின் மேல் ஆறு கணினிகள். கொழும்பில் ஒரு நிறுவனம் இரவலாகக் கொடுத்தவை. நிபந்தனை ஒன்றே ஒன்று. நான்கு மாத முடிவில் ஓர் அதிகாரி வருவார். மாணவர்கள் செய்த விளையாட்டை, அதில் கையே வைக்காத ஓர் ஆள், அவர் கண்முன்னால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விளையாடிக் காட்ட வேண்டும். காட்டினால் கணினிகள் இங்கேயே தங்கும். மாணவர்களில் ஒருவருக்கு உதவி ஆசிரியர் வேலையும் உண்டு. காட்டாவிட்டால் லொறி வரும்.

அந்த வேலை செல்வராணிக்குத்தான் என்று வகுப்பே முடிவு செய்திருந்தது. இருபத்தாறு வயது. கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் தைத்துவிட்டு வந்தவர். லொறி வந்தால் அவரும் திரும்பத் தையல் மெஷினுக்குத்தான். இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் வாரம் ஒருமுறை எனக்கு நினைவூட்டினார்கள், ஏதோ நான் மறந்துபோய் நிம்மதியாக இருப்பதுபோல.

முதல் நாள், முதல் கேள்வி

கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். ஓர் ஆள் இடமிருந்து வலமாக ஓடுகிறான். வழியெல்லாம் உயர்ந்தும் தாழ்ந்தும் தளங்கள். இடைவெளிகளைக் குதித்துத் தாண்டுகிறான், பொருள்களைச் சேர்க்கிறான், ஆபத்துகளுக்குத் தப்பிக் கடைசியை அடைகிறான். குதிப்புதான் இந்த வகை விளையாட்டின் உயிர், அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். என் பேச்சில் எனக்கே சற்று மயக்கம் உண்டாகியிருந்தது.

பின்வரிசையிலிருந்து தங்கராஜ் கங்காணி எழுந்து வந்தார். முப்பது பேரை மலையில் வேலை வாங்குகிறவர். ஐம்பது வயதைத் தாண்டிய கால்களை அந்தக் குட்டி மேசைக்குக் கீழே நுழைக்க முடியாமல், அதுவரை பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார். இடைவெளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்:

"பாதைய ஒழுங்கா வெட்டியிருந்தா அந்த ஆளு ஏன் சேர் குதிக்கப் போறான்? மொதல்ல இந்த டிவிசனுக்குக் கங்காணி யாருன்னு கேளுங்க."

தரையில்லாத தரை

ரிஸ்வான் அக்கரப்பத்தனை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். வகுப்பில் கணினியைக் கண்டு பயப்படாத ஒரே மாணவர். பயப்படாத மாணவனைவிட ஆபத்தானவன் இல்லை என்பது நம் தொழிலில் அனைவரும் அறிந்தது. இரண்டாம் வாரத்திலேயே அழகான பச்சைத் தரை ஒன்றை வரைந்து, அதன்மேல் ஆளை நிறுத்தி, ஓட்டத்தைத் தொடங்கினார். ஆள் தரைக்குள் புகுந்து, திரைக்குக் கீழே போய், மறைந்தான். தரையை வரைந்தால் மட்டும் போதாது, அது திடமானது என்று கணினிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். சொல்லவில்லை என்று அவர் மூன்று முறை சத்தியம் செய்தார்.

அவர் கண்ட பரிகாரம், அவர் கடையில் எல்லாப் போன்களுக்கும் செய்கிற அதே பரிகாரம்: கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ஆள் மறுபடி விழுந்தான். ஐந்து தடவை இது நடந்தது. நான், ஈர்ப்பு விசை தவறாமல் வேலை செய்கிறது, வேறெதுவும் செய்யவில்லை, இதைத் தோல்வி என்றுதான் அகராதி சொல்லும் என்றேன். ரிஸ்வான் கொஞ்சமும் அசரவில்லை.

"என்ன சேர் இப்படிச் செல்றீங்க? விழுந்த பொறகும் மறுபடி மறுபடி வந்து விழுறான்னா சாமான் நல்ல சாமான். எங்கட கடைக்கு வாற போனெல்லாம் ஒருக்கா விழுந்தா சரி, முடிஞ்சிச்சு."

மூன்று உயிர்

ஆட்டக்காரனுக்கு மூன்று உயிர் கொடுப்பது வழக்கம் என்றேன். ஒன்று போனால் தொடங்கிய இடத்திலேயே மறுபடி பிறப்பான். எங்கள் விளையாட்டில் தொடங்கும் இடம், எல்லோரும் ஒருமனதாக வரைந்த ஒரு லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. தகரக் கூரையும் ஒரே வரிசையில் பத்துக் கதவுகளுமாக. மறுபிறப்பு என்ற கருத்து நம் பண்பாட்டுக்குப் புதியதல்ல என்பதால் இதை விளக்குவது எளிது என்று தவறாக நினைத்துக்கொண்டேன்.

செல்வராணி குறிப்பெழுதுவதை நிறுத்தினார். அவர் அதிகம் கேட்கிறவர் இல்லை. கேட்டால் நான் அன்று தேநீர் குடிக்க மறந்துவிடுவேன்.

"மூணு தடவையும் அதே லயத்துக்கு முன்னாலயேதான் பொறக்கணுமா சேர்?"

எதிரிகள்

ஆபத்துகளின் பட்டியல் எழுதி வரச் சொன்னேன். பேய், நெருப்பு, சுழலும் கத்தி என்று ஏதாவது வரும் என்பது என் எதிர்பார்ப்பு. வந்தவை: அட்டை, குளவி, சிறுத்தை, கங்காணி. கடைசி எதிரியை எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஐந்து தாள்களில் இருந்தது. வகுப்பில் இருந்தது ஆறு பேர். ஆறாமவர் தங்கராஜ்.

எதிரியின் தலைமேல் குதித்தால் எதிரி ஒழிவான் என்பது இந்த வகை விளையாட்டின் முதல் சட்டம். அட்டைக்கு அது செல்லாது என்றார் செல்வராணி. மிதித்தால் அட்டை சாகாது, காலில் ஏறிக்கொள்ளும். பிறகு அதை விழவைக்கச் சவர்க்காரம் கிடைக்கிற வரை ஆள் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். குளவிக்கும் செல்லாது. குளவி கலைந்தால் ஓடவோ குதிக்கவோ கூடாது, தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். ஆகவே படுப்பதற்கென்று விசைப்பலகையில் தனியாக ஒரு விசை வேண்டும் என்றார்கள். வீரன் தலைகுப்புறப் படுத்துக் காத்திருக்கும் விளையாட்டை உலகத்தில் யாரும் செய்ததில்லை என்றேன். உலகத்தில் எத்தனை பேர் குளவிக்கூட்டைக் கலைத்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள்.

மிச்சமிருந்தது கங்காணி. எல்லோரும் கணினியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தோம். தங்கராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னைய எதிரியாப் போடுங்க, வேணாங்கல. தலையில ஏறி மிதிச்சா சாகுற மாதிரி மட்டும் போட்டுறாதீங்க. நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப அம்புட்டுப் பேரு முன்னாலயும் நான்தானே நிக்கணும்."

வெள்ளைத் திரை

மூன்றாம் மாதம், பின்னணிக் காட்சி வரையும் பாடம். ஒரு பிற்பகல் ரிஸ்வானின் திரை முழுவதும் வெள்ளை. மலை இல்லை, தளம் இல்லை, ஆள் இல்லை. எந்தக் கட்டளையை அழித்தீர்கள் என்று கேட்டேன். எதையும் அழிக்கவில்லை, எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே பனிமூட்டத்தில் எதிர்த்த மலையும் இல்லை, பாதையும் இல்லை, நான் வந்த பஸ்ஸும் இல்லை.

"பின்னேரம் மூணு மணி போட்டீக்கேன் சேர். அப்பிடியே சரிதானே?"

சுமை

இப்போது செல்வராணி செய்த பிழைக்கு வருகிறேன். எங்கள் ஆட்டக்காரி கொழுந்து எடுக்கும் பெண். தளம் தளமாகப் போய்க் கொழுந்து சேர்த்து முதுகுக் கூடையில் போடுவாள். இந்த இனத்து விளையாட்டுகளில் சேர்க்கச் சேர்க்க ஆளுக்குப் பலம் கூடும். அது பாலர் வகுப்புப் பாடம். செல்வராணி செய்த விளையாட்டிலோ, சேர்க்கச் சேர்க்கக் குதிப்பு குறைந்தது. கூடை பாதி நிறைந்ததும் ஆட்டக்காரியால் சின்ன மேட்டில்கூட ஏற முடியவில்லை. முழுதும் நிறைந்ததும் கானைத் தாண்ட முடியாமல் உள்ளே விழுந்தாள். கான் என்றால் மழைத்தண்ணீர் வடிய மலையில் வெட்டியிருக்கும் வாய்க்கால். நிஜத்தில் ஓர் ஆடு தாண்டும்.

கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி போட்டிருக்கிறீர்கள், இது தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் சாதாரணத் தவறு, வெட்கப்பட வேண்டாம் என்று மிகுந்த பெருந்தன்மையோடு சொன்னேன். அவர் வெட்கப்படவில்லை. பாதி வழியில் ஒரு மடுவம் வரைந்திருப்பதைக் காட்டினார். கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே நின்று கூடையை இறக்கினால் குதிப்பு திரும்பி வரும். மேலே இன்னொரு மடுவம். எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது, எப்போது இறக்கி வைப்பது என்பது ஆடுகிறவர் பாடு.

மறுநாள் காலை, மாணவர்கள் வருமுன், அதன் குறைகளைப் பட்டியலிடுவதற்காக உட்கார்ந்தேன். பதினொரு முறை கானில் விழுந்தேன். பன்னிரண்டாம் முறை பாதிக் கூடையோடு தாண்டியபோது, வெற்று அறையில் எழுந்து நின்று கைதட்டினேன் என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வகுப்பு கூடியதும், பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, மாற்ற நேரமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அறிவித்தேன். செல்வராணி என் நாற்காலியைப் பார்த்தார். அது நான் எழுந்த வேகத்தில் பின்னால் சாய்ந்தபடியே கிடந்தது.

"கூடை நெறைய நெறைய மேல மேல போகணும்னா, அது கூடையில்ல சேர், பலூன்."

அதிகாரி

அதிகாரி வந்தார். இளைஞர். சேறு படாத சப்பாத்தோடு வாகனத்திலிருந்து இறங்கி, சேறு பட்ட சப்பாத்தோடு உள்ளே வந்தார். விளையாட ஆள் தேட வேண்டாம், இதைச் செய்வதில் கை வைக்காத ஆள் நானே இருக்கிறேனே என்று, கால்களை மடக்கிக் குட்டி மேசையின் முன் அமர்ந்தார். செல்வராணி விசைகளைக் காட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நல்ல தையல்காரி அல்லவா, கைகள் சும்மா இருக்க முடியாமல் துப்பட்டாவின் ஓரத்தை மடித்து மடித்துத் தைப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒரு கொழுந்தையும் விடவில்லை. தவறிய ஒன்றுக்காகத் திரும்பிக்கூடப் போனார். மடுவத்தை அலங்காரம் என்று நினைத்து நிற்காமல் கடந்தார். கூடை நிரம்பி வழிய, கம்பீரமாகக் கானுக்கு வந்து, உள்ளே விழுந்தார். மூன்று உயிரும் அதே கானில் போயின. மறுபடி தொடங்கினார். மறுபடி ஒன்றையும் விடாமல் எடுத்தார். மறுபடி அதே கான். தங்கராஜ் கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "எறக்குங்க சேர், எறக்கிட்டுப் போங்க" என்று மெல்ல ஆரம்பித்தார். செய்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று அதிகாரி கையை உயர்த்தினார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, படிவத்தை நிரப்பப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மாஸ்டர், சேர்க்கச் சேர்க்க ஆள் பலவீனமாகிறதெல்லாம் உலகத்தில எங்கயாவது நடக்குமா? இது முடிக்கவே முடியாத விளையாட்டு. திங்கட்கிழமை லொறி அனுப்புறேன்."

கொடி

அப்போது வாசலில் செல்வராணியின் அம்மா புஷ்பம் நின்றார். கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து நேராக வந்திருந்தார், மகளிடம் வீட்டுச் சாவி வாங்க. நான் முந்திக்கொண்டு, இந்த அம்மாவும் கை வைக்காத ஆள்தான், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன். நிஜமாகவா என்று அதிகாரி சந்தேகத்தோடு கேட்டார். புஷ்பமே பதில் சொன்னார்: "இந்தக் கட்டடத்துக்குள்ள நான் எங்க வந்தேன்? இருவத்தஞ்சு வருசத்துக்கு முன்னால இவள இங்க தொட்டில்ல போட்டுட்டுப் போனதோட சரி."

அதிகாரியின் பேனா நின்றது. புஷ்பம் புடவையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த விசை நடக்க, எந்த விசை குதிக்க, எந்த விசை படுக்க என்று மட்டும் மகள் சொல்லலாம் என்று அனுமதி கிடைத்தது. ஆட்டக்காரி தயங்கித் தயங்கி நடந்தாள். ஓர் அட்டை ஏறியது, "சனியன்" என்றார். குளவி வந்தது, மகள் சொல்லுமுன் படுத்தார். கூடை பாதியானதும் மேலே தொங்கிய கொழுந்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மடுவத்தில் இறக்கினார். கானைத் தாண்டினார். ரிஸ்வான் என் தோளைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார். மேல் மடுவம் வந்தது. இறக்கினார். விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, "சாவிய குடு புள்ள" என்றார்.

இன்னும் முடியவில்லை, உச்சியில் ஒரு கொடி இருக்கிறதே, அதைத் தொட வேண்டும் என்றார் அதிகாரி. "அங்க எதுக்குங்க? அதான் கொழுந்து நிறுத்தாச்சே" என்றார் புஷ்பம். இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கொடி என் பங்களிப்பு. முழு விளையாட்டிலும் என் பங்களிப்பு அது ஒன்றுதான். எந்தத் தள விளையாட்டும் உயரத்தில் ஒரு கொடியோடு முடிய வேண்டும் என்று, 'இலக்கு' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்து, செல்வராணி வேண்டாம் என்றும் கேளாமல் நட்டு வைத்தேன். கொழுந்து நிறுத்த பிறகு, வேலை செய்த ஒரு பெண் எதற்காக இன்னொரு மலை ஏற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புஷ்பம் சாவிக்குக் கையை நீட்டியபடி நின்றார். மேலே ஏற அவருக்கு ஒரு காரணமும் இல்லை. கொடுக்க என்னிடமும் இல்லை.

செல்வராணி சாவியைக் கொடுக்கவில்லை. மேசைக்கு வந்தார். சுட்டியால் கொடியைப் பிடித்து உச்சியிலிருந்து இறக்கி, மேல் மடுவத்தின் வாசலில் வைத்தார். இரண்டு வினாடி. "இன்னொருக்கா வெளாடும்மா" என்றார். பரீட்சை நடக்கும்போது கேள்வித்தாளைத் திருத்துவதா என்று அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த வாத்துகளைப் பார்த்தேன். ரிஸ்வான் குனிந்து படிவத்தை வாசித்தார்: "முடிவு வரைக்கும்னுதான் போட்டீக்கு சேர். முடிவு எந்த எடத்திலன்னு போட இல்லையே." அதிகாரியும் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். உட்காருங்கள் என்று புஷ்பத்துக்குத் தலையசைத்தார்.

புஷ்பம் அதே அட்டையைத் திட்டி, அதே குளவிக்குப் படுத்து, அதே பாதிக் கூடையோடு அதே கானைத் தாண்டி, மேல் மடுவத்தில் இறக்கினார். கொடி ஆடியது. திரையில் 'முடிந்தது' என்று வந்தது. தங்கராஜ் கங்காணி, பெரட்டுக் களத்தில் கூப்பிடும் குரலில், "ஆச்சு!" என்றார். அதிகாரி கையெழுத்துப் போட்டார், கணினிகள் தங்கும். உதவி ஆசிரியர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுத என்று கேட்டபோது ஐந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னதால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. செல்வராணியே தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, புஷ்பம் ஒருவழியாகச் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டார்:

"அப்ப நாலு மாசமா இந்தக் கொடிய எங்க வைக்கிறதுன்னுதான் எல்லாரும் படிச்சீங்களா சேர்?"

அந்த வகுப்பில் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொண்டவர் எத்தனை பேர் என்று படிவத்தில் நான் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருந்தது. ஆசிரியரையும் சேர்த்து எண்ணலாமா என்பதற்குக் கீழே குறிப்பேதும் இல்லாததால், அதை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.